இருபத்துநாலு நட்டு

வெள்ளி பின்னேரம் கடைசிப் பிள்ளையைக்
குருக்கள்மடத்தில் இறக்கிவிட்டு வந்த கையோடு
வேன் சீற்றுகளைக் கழற்றத் தொடங்கினேன்.
நாலு வரிசை, வரிசைக்கு ஆறு நட்டு.
துருவுக்கு மண்ணெண்ணெய்,
கடைசி இரண்டுக்கும் கெட்ட வார்த்தை.
மைலோ ரின்னுக்குள் ஒவ்வொன்றாய் விழ விழ
எண்ணிக்கொண்டிருந்தான் கிருத்திகன்.

சீற்றுக்குக் கீழே
ஒரு வருசத்துப் பள்ளிக்கூடம் கிடந்தது.
பென்சில் கட்டை, ஒற்றைக் காலுறை,
கல்லாய்ப் போன பணிஸ்,
ஏழாம் வாய்ப்பாட்டைக் கிழித்து மடித்த கப்பல்.
கப்பலை மட்டும் மகள் எடுத்து வைத்தாள்.
சமுத்திரத்தில் விடலாமாம்.

"வீட்டுக்குப் பின்னால வாவி கிடக்க
தண்ணி பார்க்கவா டீசல் எரிக்கிற?"
வேலிக்கு மேலால் கேட்டார் பத்மலோஜன்.
நியாயமான கேள்வி.
இந்த வாவிக்கு என்னைத் தெரியும்.
என் கடன், என் தகப்பனின் கடன்,
நான் நீந்தப் பயந்த வயது, எல்லாம் தெரியும்.
என்னை ஆரென்று கேளாத ஒரு தண்ணிக்கு முன்னால்
இரண்டு இரவு இருந்து பார்க்கவேணும்.
இதை அவருக்குச் சொல்லவில்லை.
"பிள்ளைகளுக்கு யானை காட்ட" என்றேன்.

கந்தோருக்குப் போன் எடுத்தேன்,
எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில்.
அவர் தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் கேட்டார்,
"கூடாரமா?"
இல்லை, வேன்.
"வேன் சரி. நீங்க எங்க படுக்கிற?"
வேனுக்குள்ளே.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மறுகா சிரித்தார்.
"பழம் வேணாம். உப்பைத் திறந்து வைக்க வேணாம்.
யானைக்கு மூக்கு நீளம்."

தேவரஞ்சினி பட்டியல் எழுதினாள்,
வேன் காசுக் கொப்பியின் பின்பக்கத்தில்.
முன்பக்கத்தில்
ஆர் ஆர் மார்கழி மாதப் பாக்கி.
ஒன்று: பிறப்புச் சான்றிதழ்.
இரண்டு: காணி உறுதி.
எழுதி முடித்துத்தான் பார்த்தாள்.
"கை தன்பாட்டில எழுதிட்டுது."

சாமான் கட்டு என்றால்
அந்தக் கைக்குப் பழக்கம் ஒரே பயணம்தான்.
அப்போது அதற்குப் பன்னிரண்டு வயது.
வெட்டச் சொல்லவில்லை நான்.
மூன்றாவதாக நுளம்பு வலை வந்தது.
நாலு, ஒற்றை அடுப்பு.
ஐந்து, உப்பு; அடைப்புக்குறிக்குள்
மூன்று பொலித்தீன்.
அதற்குப் பிறகு எழுத்து வேகமாய் ஓடியது:
கருவாடு வேண்டாம், மணக்கும்,
கருவாடு இல்லாமல் எப்படி, கொஞ்சம்,
டோர்ச், கயிறு,
கிருத்திகனுக்கு வாந்திக் குளிசை
(சம்மாந்துறை தாண்ட முதல்).

கட்டில், பழைய அலுமாரியின் இரண்டு கதவுகள்.
மரக்காலை வைத்து நிமிர்த்தி
முதுகு படும் இடத்தில் மெத்தைத் துண்டு போட்டேன்.
சாவித் துவாரம் அப்படியே இருக்கிறது.
அதற்குள் கண்ணை வைத்து
வேனின் அடித்தகட்டைப் பார்த்தாள் மகள்.
"அலுமாரிக்குள்ள ரோட்டு தெரியுது" என்றாள்.

இரவு ஒத்திகை.
முற்றத்தில் நிறுத்திய வேனுக்குள்
நாலு பேரும் படுத்தோம்.
நான் திரும்பினால் மூன்று பேரும் திரும்பவேணும்.
ஜன்னலில் பத்மலோஜன் வீட்டுத் தண்ணித் தாங்கி,
அதற்குப் பக்கத்தில் நிலா, அரைவாசி.
குறைகள் தெரியவந்தன:
தலையணை காணாது,
காற்றுக்கு வழியில்லை,
என் குறட்டைக்கு மருந்து பட்டியலில் இல்லை.

"அப்பா, சமுத்திரம் எந்தப் பக்கம்?"
இருட்டில் கையை நீட்டினேன்,
கல்முனை, காரைதீவு, அம்பாறை, இங்கினியாகலை.
கை போய் முட்டியது தேவரஞ்சினியின் தோளில்.
அவள் நித்திரையில்லை.
"திங்கள் ஆறு பத்துக்கு
பிள்ளைகள் படலையில நிற்கும்" என்றாள்.
ஞாயிறு பின்னேரமே சீற்றுப் பூட்டிவிடலாம் என்றேன்.

அப்போதுதான் கிருத்திகன் எழும்பி உட்கார்ந்து
மைலோ ரின்னைக் குலுக்கினான்.
டோர்ச் வெளிச்சத்தில் மறுபடி எண்ணினான்.
இருபத்துமூன்று.
திரும்ப எண்ணினான்.
இருபத்துமூன்று.

நாலு பேரும் இறங்கி
முற்றத்து மணலில் குனிந்து தேடுகிறோம்,
நடுச்சாமம், ஒரு டோர்ச்.
வேலிக்கு அந்தப் பக்கம் லைட் எரிகிறது.
"என்ன, யானை வந்திட்டுதா?"
என்று கேட்கிறார் பத்மலோஜன்.